சேணக் கடிக்கு அடி மருந்தல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சேணம் பூட்டப் போனால் திரும்பிக் கடிக்கிற குதிரையை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்று தங்கள் நாளிதழில் ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு வாசகர்கள் எழுதிய யோசனைகளையும் படித்தேன். மூக்கிலேயே ஒன்று போடுங்கள், தலையைத் திருப்ப முடியாதபடி குட்டையாகக் கட்டுங்கள், வாய்க்கூடை மாட்டுங்கள். இவ்வளவுதான். முதல் இரண்டும் ஆளுக்கே ஆபத்து. மூன்றாவது கையைக் காப்பாற்றும், அதற்கு மேல் ஒன்றும் செய்யாது. குதிரைக்கு எங்கே வலிக்கிறது என்று பாருங்கள் என ஒருவர்கூட எழுதவில்லை. லாயங்களிலும் பெரும்பாலும் இதே வரிசைதான்: முதலில் அடி, பிறகு கட்டு, எதற்கும் மசியாவிட்டால் கடைசியாகக் கால்நடை மருத்துவர். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இந்தக் கடி திடீரென்று வருவதில்லை. சேணத்தைத் தூக்கிக்கொண்டு ஆள் வருவதைப் பார்த்ததும் முதலில் மெல்வது நிற்கும். ஒரு காது பின்னால் திரும்பும், பிறகு இரண்டும். நாசித் துவாரத்துக்கு மேலே இரண்டு மூன்று சுருக்கம் விழும். கீழுதடு இறுகும். ஈ எதுவும் இல்லாமலே வால் ஒருமுறை விசிறும். சேணத்துக்கு அடியில் விரிக்கும் அடித்துணி முதுகில் பட்டதும் தோல் துடிக்கும், அல்லது முதுகே சற்றுத் தாழும். சேணத்தை வயிற்றோடு சேர்த்துக் கட்டும் வயிற்றுப் பட்டையைக் கையில் எடுத்தால் தலை உயரும், மூச்சு அடங்கும். அதன்பின் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆள் பக்கம் வீசும். இத்தனையும் ஆன பிறகுதான் பல். நாம் பார்ப்பதோ கடைசியில் வரும் அந்தப் பல்லை மட்டும்.

காதை மடக்கியதற்கே அடி வாங்கிய குதிரை, அடுத்த முறை காதை மடக்காமல் கடிக்கும். 'எந்த அறிகுறியும் காட்டாமல் கடிக்கிறது' என்று பேர் வாங்கிய குதிரைகளில் பல இப்படி உருவானவைதான். முகத்தில் அடிப்பதில் இன்னொரு கேடும் உண்டு. அடி எப்போதும் கடி முடிந்து ஒன்றிரண்டு விநாடி கழித்தே விழுகிறது. அதற்குள் குதிரை தலையைத் திருப்பிக்கொண்டு நேராக நிற்கும். அடி எதற்கு என்று அதற்குப் புரியாது. கை மேலே வந்தால் வலி வரும் என்பது மட்டும் பதியும். நாளைக்குத் தலைக்கயிறு மாட்டவும் கடிவாளம் போடவும் அதே குதிரை தலையைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கும்.

ஆகவே முதல் வேலை, எந்தக் கட்டத்தில் முகம் சுளிக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது. சேணம் இல்லாமல், வெறும் உள்ளங்கையை முன்னங்காலின் முட்டிக்கு (கீழே உள்ள முழங்கால் அல்ல, கால் உடம்போடு சேரும் இடத்தில் உள்ள மேல்மூட்டு) பின்னால் வைத்து, பட்டை படியும் இடத்தில் அழுத்தாமல் தடவுங்கள். இதற்கே திரும்புகிறது என்றால் தோலிலோ தசையிலோ விலாவிலோ கோளாறு இருக்கலாம். கைக்கு ஒன்றும் செய்யாமல், முதுகில் துணியோ சேணமோ வைத்தால் மட்டும் முதுகைத் தாழ்த்தினால் முதுகையும் சேணத்தின் பொருத்தத்தையும் சந்தேகிக்க வேண்டும். அதுவரை சும்மா நின்று, பட்டை இறுகும்போது மட்டும் கடித்தால் பட்டை, இறுக்கும் முறை, இரைப்பை ஆகிய மூன்றையும் பாருங்கள். பட்டை கட்டும்போது மட்டுமல்லாமல் வயிற்றுப்பக்கம் பிரஷ் போடும்போதும், குளிருக்குப் போர்வை கட்டும்போதும் எரிந்து விழுந்தால் இரைப்பைப் பக்கம் சந்தேகம் கூடுகிறது. சேணம் எட்ட இருக்கும்போதே காது பின்னால் போய்விட்டால், அது பழைய வலியின் நினைவாகவும் இருக்கலாம், இன்றைக்கும் தொடரும் வலியாகவும் இருக்கலாம். இதை வைத்து நோயை முடிவு செய்துவிட முடியாது. ஆனால் மருத்துவரிடம் 'கடிக்குது சார்' என்று சொல்வதற்கும், 'துணி போடும்வரை சாது, பட்டையின் இரண்டாவது துளையில் திரும்புகிறது' என்று சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

இரைப்பைப் புண்ணைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். குதிரையின் இரைப்பை இரவும் பகலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும், தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும். அதைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே சுரக்கிறது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேய்வதற்கென்று அமைந்த உடம்பு அது. அதை லாயத்தில் அடைத்து, காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி தானியம் கொடுத்து, நடுவில் மெல்ல ஒன்றும் வைக்காவிட்டால் வெறும் வயிற்றில் அமிலம் நிற்கும். தொடர்ந்து 6 மணி நேரத்துக்கு மேல் புல் இல்லாமல் விட்டாலே புண் வரும் வாய்ப்பு கூடுகிறது. இரைப்பையின் மேற்பாதிக்குத் தன்னைக் காத்துக்கொள்ளும் வழவழப்புப் பூச்சு கிடையாது. குதிரை ஓடும்போது வயிற்றுத் தசைகள் இறுகி அமிலத்தை அந்த மேற்பாதிக்குத் தள்ளுகின்றன. சேணம் வந்தால் ஓட்டம் வரும், ஓட்டம் வந்தால் எரிச்சல் வரும் என்று குதிரை கணக்குப் போட்டுக்கொள்வதில் வியப்பில்லை.

புண் உண்டா என்று உறுதியாகச் சொல்ல எண்டோஸ்கோப் பரிசோதனைதான் வழி, அதாவது கேமரா பொருத்திய குழாயை இரைப்பைக்குள் விட்டுப் பார்ப்பது. சுமார் 3 மீட்டர் நீளமுள்ள கருவி வேண்டும், முன்னதாகப் பல மணி நேரம் பட்டினி போட வேண்டும், மயக்க ஊசியும் தேவை. எல்லா மருத்துவரிடமும் இது இருக்காது. இருக்கிறவரிடம் அனுப்பச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. மருந்து என்றால் பொதுவாக அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமிபிரசோல். குதிரைக்கென்று தயாரிக்கப்பட்டதை, எடைக்குத் தக்க அளவில், சில வாரங்கள் தொடர்ந்து கொடுக்க வேண்டியிருக்கும். மனிதர்களுக்கான மாத்திரையைப் பொடித்துத் தீனியில் கலப்பது வீண். அந்த மருந்து இரைப்பை அமிலத்திலேயே சிதைந்துவிடும் என்பதால்தான் தனிப் பூச்சோடு வருகிறது, பொடித்தால் பூச்சு போய்விடும். அதைவிடக் கெடுதல், 'எங்கேயோ வலி போல' என்று தாமாகவே ஃபீனைல்பியூட்டசோன் கொடுப்பது. அந்த வலி மருந்தே இரைப்பையிலும் குடலிலும் புண்ணைக் கொண்டுவரக்கூடியது. கடி இரண்டு நாள் குறையும், புண் பெருகும்.

மருந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் தீனியை மாற்றுவது நம் கையில்தான் இருக்கிறது. 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 6 கிலோ உலர் புல் வேண்டும், அதாவது உடல் எடையில் 1.5 சதவீதம். அதை ஒரே நேரத்தில் கொட்டாமல் நாலைந்து தடவையாகவோ, சிறு கண்ணி வலையிலோ வைக்கலாம். தானியத்தைக் குறைத்து, கொடுப்பதையும் சிறு பங்குகளாகப் பிரிக்க வேண்டும். சேணம் பூட்டுவதற்கு அரை மணி நேரம் முன்பு இரண்டு கையளவு நறுக்கிய உலர் புல், கிடைத்தால் குதிரைமசால் என்ற தீவனப்பயிர், கொடுத்துவிட்டால் இரைப்பைக்குள் அது மிதந்து அமிலம் மேலே தெறிப்பதைக் குறைக்கும். குதிரைமசாலில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் அமிலத்தைத் தணிக்கும். பட்டினியாக ஓட்டினால் வயிறு இலேசாக இருக்கும் என்ற பழைய நம்பிக்கையை லாயத்துக்கு வெளியே விட்டுவிடலாம்.

அடுத்தது தோல். முன்னங்கால் முட்டிக்குப் பின்னால் உள்ள மடிப்பில் தோல் மெல்லியது, முடியும் குறைவு. உண்ணி ஒளிவதும் அங்கேதான். காய்ந்த வியர்வை உப்பாகப் படிந்து, அதன் மேல் பட்டை ஏறினால் அரம் போல அறுக்கும். பகல் வெளிச்சத்தில், முடியை எதிர்ப்பக்கமாக விரலால் பிரித்துப் பாருங்கள். வட்ட வட்டமாக முடி கொட்டியிருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். அது ஒரே பட்டையை இரண்டு குதிரைக்குப் போடுவதால் தாவுகிற நோய், மனிதருக்கும் ஒட்டும். புண் ஆறும்வரை சேணமே வேண்டாம். பட்டைக்குப் பஞ்சுறை போட்டுச் சமாளிக்கலாம் என்பார்கள். புண் இருக்கிற இடத்தில் உறை போட்டால் தடிமன் கூடி அழுத்தமும் கூடும்.

தோல் சுத்தமாக இருந்தால் விரல்களைத் தட்டையாக வைத்து, கழுத்திலிருந்து தொடங்கி முதுகெலும்பின் இரு பக்கமும் மெதுவாக அழுத்திக்கொண்டே இடுப்புவரை போங்கள். நகத்தாலோ விரல் நுனியாலோ குத்தினால் எந்தக் குதிரையும் துள்ளும், அது சோதனையாகாது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப முதுகைத் தாழ்த்தினாலோ, தசை பலகையாக இறுகினாலோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு முன்னங்கால்களுக்கும் நடுவே, மார்பெலும்பு மேலும் ஒருமுறை. கால் நொண்டலும் இப்படிக் கடியாக வெளிப்படுவதுண்டு. பின்னங்கால் வலிக்குது என்று சொல்லத் தெரியாத குதிரை, வேலை தொடங்கும் நேரத்தைத்தான் வெறுக்கும். பெட்டைக் குதிரை சில நாட்கள் மட்டும் கடித்து, மற்ற நாட்கள் சாதுவாக இருந்தால் பருவச் சுழற்சியோடு பொருந்துகிறதா என்று தேதி குறித்துப் பார்த்து மருத்துவரிடம் சொல்லலாம்.

சேணத்துக்கு வருவோம். அடித்துணி இல்லாமல், சமதரையில், குதிரை நான்கு காலிலும் நேராக நிற்கும்போது வெறும் சேணத்தை வையுங்கள். பிடரி முடிகிற இடத்தில் எழும்பி நிற்கும் தோள்மேட்டுக்கும் சேணத்தின் முன்வளைவுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும், ஆள் ஏறி உட்கார்ந்த பிறகும் இடைவெளி இருக்க வேண்டும். பின்னாலிருந்து குனிந்து பார்த்தால் நடுப்பள்ளம் வழியாக முன்பக்க வெளிச்சம் தெரிய வேண்டும். முதுகெலும்பின் மேல் எதுவும் உட்காரக்கூடாது. தோள்பட்டை எலும்பின் பின் ஓரத்தைக் கையால் தேடிக் கண்டுபிடித்து, சேணத்தின் உள்சட்டம் அதற்கு இரண்டு விரல் பின்னால் தொடங்குகிறதா என்று பாருங்கள். கடைசி விலா எலும்பைத் தாண்டிச் சேணத்தின் பாரம் போகக்கூடாது. பிறகு மெத்தைக்கு அடியில் உள்ளங்கையை முன்னிருந்து பின்னாக நுழைத்துக்கொண்டு போங்கள். முன்னும் பின்னும் இறுக்கி, நடுவில் கை தாராளமாகப் போனால் சேணம் பாலம் போல நிற்கிறது. அதில் ஆள் உட்கார்ந்தால் மொத்த எடையும் நான்கு இடத்தில் குத்தும்.

சவாரி முடிந்து சேணத்தை இறக்கியதும் முதுகைப் பார்க்காமல் துடைத்துவிடுகிறோம். அந்த வியர்வைத் தடத்தில் செய்தி இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஈரம் என்றால் சரி. ஈரத்துக்கு நடுவில் உள்ளங்கை அளவு காய்ந்த திட்டு இருந்தால் அங்கே அழுத்தம் மிகையாக இருக்கலாம், அல்லது சேணமே படாமலும் இருக்கலாம். கையை வைத்து எது என்று தெரிந்துகொள்ளுங்கள். கரும்பழுப்பு முதுகில் புதிதாக வெள்ளை முடி முளைத்திருந்தால் அது பழைய அழுத்தத்தின் தழும்பு. சேணம் இறுக்கமாக இருக்கிறது என்று அடியில் இன்னொரு கம்பளம் போடுவது நம்மிடையே பரவலாக உள்ள தவறு. குட்டையான செருப்புக்குள் தடித்த காலுறை போட்டதுபோல் ஆகும். குதிரை இளைத்தாலும் கொழுத்தாலும் பொருத்தம் மாறும். அதனால் 6 மாதத்துக்கு ஒருமுறையாவது, வளரும் குதிரைக்கு அதைவிட அடிக்கடி, சேணத்தைச் சோதிக்க வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் கடிக்கிறதென்றால், பெரும்பாலும் குற்றம் பூட்டுகிற கையில் இருக்கிறது. சேணத்தை எட்டி நின்று முதுகில் எறிகிறவர்கள் இருக்கிறார்கள். சவாரி செய்பவர் கால் வைக்கும் அங்கவடி ஆடி முட்டியில் இடிக்கும், பட்டையின் பக்கிள் சுழன்று வந்து காலில் அடிக்கும். அங்கவடிகளை முதலிலேயே மேலேற்றிச் சொருகுங்கள். அடித்துணியைத் தோள்மேட்டுக்குச் சற்று முன்னால் வைத்துப் பின்னுக்கு இழுங்கள், முடி படியும் திசையில். பின்னாலிருந்து முன்னுக்குத் தள்ளினால் முடி எதிர்த்து நிற்கும். சேணத்தை மெல்ல இறக்கி வைத்த பிறகு, துணியின் நடுப்பகுதியைச் சேணத்தின் நடுப்பள்ளத்துக்குள் விரலால் தூக்கிவிடுங்கள், இல்லையென்றால் தோள்மேட்டின் மேல் துணி விறைத்து நிற்கும். மறுபக்கப் பட்டையைத் தள்ளிவிட்டு விழச் செய்யாமல், குதிரையின் முன்னால் சுற்றிப் போய்க் கையால் இறக்குங்கள். இதற்குப் பத்து விநாடி அதிகம் ஆகும், அவ்வளவுதான்.

பட்டை முட்டிக்கு ஏறக்குறைய ஒரு கையகலம் பின்னால் விழ வேண்டும். முதல் முறை கட்டும்போது, சேணம் நழுவாத அளவுக்கு மட்டும். பட்டை வயிற்றைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும், பிடிக்கக்கூடாது. அதற்காகத் தொங்க விட்டுவிடவும் கூடாது. தளர்ந்த பட்டையோடு குதிரை உலுக்கினால் சேணம் வயிற்றுக்கு அடியில் சுற்றிக்கொள்ளும், அதன்பின் அந்தக் குதிரையைச் சேணத்துக்குப் பக்கத்தில் நிறுத்துவதே கஷ்டம். இந்நிலையில் கடிவாளத்தைப் போடலாம், தலைமுடியைச் சீவலாம். பிறகு ஒரு துளை. பத்துப் பதினைந்து அடி நடத்துங்கள். எதிர்ப்பக்கம் போய் அங்கே ஒரு துளை. மீண்டும் நடை. ஏறுவதற்கு முன் கடைசித் துளை. ஏறி 5 முதல் 10 நிமிடம் நடந்த பிறகு இன்னொருமுறை சரிபார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வாரை மேல்நோக்கிச் சீராக இழுங்கள், வெடுக்கென்று வேண்டாம். இறுக்கம் போதுமா என்று விலாப்பக்கத்தில் விரல் விட்டுப் பார்ப்பது ஏமாற்றும். முன்னங்கால்களுக்கு நடுவே மார்பெலும்புக்கு அடியில் இரண்டு விரல் தட்டையாக, கொஞ்சம் சிரமப்பட்டு நுழைந்தால் போதும். கடைசியாக, பட்டைக்கு அடியில் விரல்களை மேலிருந்து கீழாக ஓட்டி மடிந்த தோலை நேராக்கிவிடுங்கள். முன்னங்காலைப் பிடித்து முன்னால் இழுத்து தோலை நேராக்குகிறவர்கள், காலை உயரத் தூக்காமல், குதிரை கொடுக்கிற அளவுக்கு மட்டும் நீட்ட வேண்டும். தோளில் வலி இருக்கிற குதிரைக்கு அதுவே கடிக்க ஒரு காரணமாகிவிடும்.

'மூச்சைப் பிடித்து வயிற்றை உப்புகிறது, முழங்காலால் ஒரு குத்து விட்டு இழு' என்று சொல்லிக்கொடுக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. பட்டை படியும் இடத்தில் விலா எலும்புகள் மார்பெலும்போடு சேர்ந்திருக்கின்றன. அங்கே காற்றால் உப்புவது மிகக் கொஞ்சம். குதிரை செய்வது தசையை இறுக்கிக் காத்துக்கொள்வது. முழங்கால் குத்து அந்தப் பயம் சரிதான் என்று உறுதிசெய்கிறது. இரண்டு நிமிடம் பொறுத்து நடத்தினால் தசை தானே தளரும், துளையும் தானே கிடைக்கும்.

மிகையாக இறுக்குவதற்கு ஒரு காரணம் தரையிலிருந்து ஏறுவது. ஆளின் முழு எடையும் இடப்பக்க அங்கவடியில் தொங்கும்போது சேணம் சரியாமல் இருக்க, பட்டையை அளவுக்கு மீறி இழுக்கிறார்கள். ஏறுவதற்கு ஒரு மேடையோ உறுதியான பெட்டியோ வைத்துக்கொண்டால் ஒரு துளை குறைவாகவே போதும். பட்டையின் ஒரு முனையில் மட்டும் எலாஸ்டிக் இருந்தால், அந்தப் பக்கம் இலகுவாக இழுபடுவதால் அளவு தெரியாமல் இறுக்கிவிடுவோம், சேணமும் ஒரு பக்கம் இழுக்கும். இரு முனையிலும் இருப்பது நல்லது. எலாஸ்டிக் முழுதும் நீண்டு போயிருந்தால் அது இருந்தும் பயனில்லை.

இனி ஆளின் பாதுகாப்பு. இடப்பக்கத்தில் தோளை ஒட்டி நில்லுங்கள். உடம்பு குதிரையைப் பார்த்து இருக்கட்டும், முகம் சற்றே தலைப்பக்கம். வாலைப் பார்த்துக் குனிந்தால் உங்கள் முதுகும் இடுப்பும் அதன் வாய்க்கு நேராக இருக்கும், காது போகிற போக்கும் தெரியாது. கயிறு இடது முழங்கை மடிப்பில் கிடக்கலாம், கையில் சுற்றவே கூடாது. அந்த முழங்கையைச் சற்று வெளியே நீட்டி வைத்தால், குதிரை தலையைத் திருப்பும்போது அதன் கன்னம் தானே வந்து முழங்கையில் முட்டும். அது அடி அல்ல, நீங்கள் அசையவும் இல்லை. திரும்பினால் இடிக்கும் என்று குதிரை தானாகவே தெரிந்துகொள்ளும். எதிர்ப்பக்கத்துப் பட்டையை எடுக்க வயிற்றுக்கு அடியில் தலையை நுழைக்காதீர்கள். முட்டியை மடக்கி, முன்னங்காலை ஒட்டி இருந்து கையை மட்டும் நீட்டுங்கள். வயிறு வலிக்கிற குதிரை கடிப்பதோடு நிற்காது, பின்னங்காலை முன்னுக்கு வீசி உதைக்கவும் செய்யும்.

துணைக்கு ஆள் இருந்தால் கட்டிப் போடுவதைவிட அவர் பிடித்துக்கொள்வது மேல். அவர் பூட்டுகிறவர் நிற்கும் பக்கமே நிற்க வேண்டும். குதிரை மிரண்டால் அவர் தலையைத் தன் பக்கம் இழுப்பார், பின்பாகம் இருவரையும் விட்டு விலகிப் போகும். எதிர்ப்பக்கம் நின்று இழுத்தால் பின்பாகம் பூட்டுகிறவர் மேல் வந்து விழும். குட்டையாகக் கட்டச் சொன்னவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. பட்டையை வேகமாக இறுக்கினால் சில குதிரைகள் பின்னால் இழுத்துக்கொண்டு உட்காரும், சில நெட்டுக்குத்தாக எழும்பும், சில அப்படியே சாயும். தலை கட்டியிருக்கும் நிலையில் இது நடந்தால் கழுத்து முறியலாம், தூண் பிடுங்கி வரலாம். கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் தோள்மேட்டு உயரத்தில், ஒரு முழ அளவு கயிறு விட்டு, இழுத்தால் அவிழும் முடிச்சாகப் போடுங்கள். முடிச்சுக்கும் வளையத்துக்கும் நடுவில், பலமாக இழுத்தால் அறுந்துபோகும் மெல்லிய சணல் ஒன்று இருக்கட்டும்.

வலி தீர்ந்த பிறகும் கடி சில வாரம் நீடிக்கும். இதைப் பார்த்துவிட்டுத்தான் 'மருந்தால் பயனில்லை, இது திமிர்' என்று முடிவுகட்டி மறுபடி சவுக்கை எடுக்கிறார்கள். நினைவை அழிக்கத் தனிப் பயிற்சி வேண்டும், காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடம். சேணமே இல்லாமல் தொடங்குங்கள். உள்ளங்கையைத் தோளில் வைத்துப் பட்டை இடத்தை நோக்கி நகர்த்துங்கள். காது திரும்பப் போகிற இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். குதிரை பெருமூச்சு விட்டாலோ, காது இளகினாலோ, கழுத்து தாழ்ந்தாலோ அந்த விநாடியே கையை எடுத்துவிடுங்கள். கை விலகுவதுதான் அதற்குப் பரிசு. நாளுக்கு நாள் அந்த எல்லை பின்னே போகும். பிறகு மடித்த துண்டு. பிறகு அகலமான துணிப்பட்டையை வயிற்றைச் சுற்றிப் போட்டு, கட்டாமல் இரு முனையையும் கையில் பிடித்து, மெல்ல இழுத்து விடுவது. அடுத்து அடித்துணி, அங்கவடி கழற்றிய சேணம், தொங்கும் பட்டை, தொட்டுக்கொண்டு நிற்கும் முதல் துளை. ஒவ்வொரு படியிலும் குதிரை சும்மா நின்றால்தான் அடுத்தது.

இதில் பெரும்பாலோர் சறுக்குவது, குதிரை தலையைத் திருப்பும் கணத்தில். அப்போது கையைப் பின்னுக்கு இழுத்தால், பல்லைக் காட்டினால் கை போய்விடும் என்று கற்றுக்கொடுத்துவிட்டோம். அழுத்தத்தைக் கூட்டவும் கூடாது. கை இருந்த இடத்திலேயே இலேசாக இருக்கட்டும், தலை நேராகத் திரும்பிய பிறகு எடுங்கள். மூன்று தடவைக்கு மேல் திரும்பினால் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று பொருள், ஒரு படி கீழே இறங்குங்கள். பயிற்சியின்போது மூக்குக்கு நேரே புல்வலை தொங்கவிடுவது நல்ல வழக்கம். தலை நேராக இருக்கும், வயிற்றுக்கும் நல்லது, கூடவே மெல்லும் சத்தம் ஒரு கருவியாகவும் உதவும். மெல்வது நின்றால் நீங்களும் நில்லுங்கள். மறுபடி மெல்லத் தொடங்கிய பிறகே அடுத்த துளை.

கையால் வெல்லமும் கேரட்டும் ஊட்டிப் பழக்குவதைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. சேணம் பூட்டும் நேரத்தில் கையில் தின்பண்டம் வைத்திருப்பவர், வலியால் வரும் கடிக்கு மேலே பிடுங்கித் தின்னும் கடி ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறார். கொடுப்பதானால் முன்னால் வைத்த வாளியில் போடுங்கள், உங்கள் உடம்பிலிருந்து தள்ளி. பொலிக்குதிரையும் குட்டியும் விளையாட்டாகச் சுண்டிக் கடிப்பது வேறு கதை. அதில் காது முன்னால் இருக்கும், உதடு தளர்ந்திருக்கும், சேணம் இல்லாதபோதும் செய்யும். அதற்கு இங்கே சொன்ன எதுவும் பொருந்தாது.

வாய்க்கூடையை நான் முழுதாக மறுக்கவில்லை. ஏற்கெனவே ஆளைக் கிழித்திருக்கும் குதிரைக்கு, சோதனையும் பயிற்சியும் நடக்கும் நாட்களில், பூட்டும் ஐந்து பத்து நிமிடத்துக்கு மட்டும் மாட்டலாம். தண்ணீர் குடிக்க முடிகிற துளைகள் உள்ளதாக இருக்க வேண்டும். கூடையோடு தலையை வீசினால் இரும்பால் இடித்த மாதிரி இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். மேலுதட்டைக் கயிற்றால் முறுக்கிப் பிடித்துச் சேணம் போடுவது மட்டும் கூடவே கூடாது. அவசர மருத்துவத்துக்கு உள்ள உத்தி அது, அன்றாடப் பூட்டுக்கு அல்ல.

கடி பட்டுவிட்டால் காயத்தின் அளவைப் பார்த்து அசட்டையாக இருக்க வேண்டாம். குதிரைக்கு முன்பற்கள் மேலே 6, கீழே 6. அவை கிழிப்பதைவிட நசுக்குவதே அதிகம். மேலே சிராய்ப்பு போலத் தெரிந்தாலும் உள்ளே தசை நசுங்கி இரத்தம் கட்டும். விரலில் பட்டால் வீங்கும் முன் மோதிரத்தைக் கழற்றுங்கள். தோல் கிழிந்திருந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று சொல்லுங்கள், ரேபிஸ் தடுப்பூசி வேண்டுமா என்றும் கேளுங்கள். குதிரைக்கும் ரேபிஸ் வரும். அதுவரை சாதுவாக இருந்த குதிரை திடீரென்று கண்டதையெல்லாம் கடித்து, தன் உடம்பையே கடித்துக்கொண்டு, விழுங்க முடியாமல் எச்சில் ஒழுக நின்றால் அது சேணப் பிரச்சினையே அல்ல. தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கும் என்று வாய்க்குள் கையை விடாமல், தனியே அடைத்து கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்புங்கள்.

கடைசியாக, குதிரையை விற்கிறவர்களுக்கும் வாடகைக்கு விடுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இடப்பக்கம் கடிக்கும், இரண்டாவது துளையில் திரும்பும், நடத்தி நடத்தி இறுக்க வேண்டும் என்பதை ஒரு அட்டையில் எழுதி லாயக் கதவிலும் சேணம் மாட்டும் முளையிலும் தொங்கவிடுங்கள். வாங்குகிறவரும் 'சாதுவான குதிரை' என்ற வார்த்தையை நம்பிக்கொண்டு, ஏற்கெனவே பூட்டி நிறுத்திய குதிரையைப் பார்த்துப் பணம் கொடுக்காமல், தன் கண்ணெதிரே சேணத்தைக் கழற்றி மறுபடி பூட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
குதிரைப் பராமரிப்பில் உள்ள ஒரு வாசகர்